அட்டைக்கு 33 கண்டம்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் 23 அலகுகள் கொண்டது. முதல் ஆறு இயற்பியல், அடுத்த ஐந்து வேதியியல், அதற்குப் பின் வரும் பதினொன்று உயிரியல், கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது கணினி. அலகுக் கணக்கில் உயிரியல்தான் மூத்த பங்காளி. மீள்பார்வை என்று வரும்போது அதற்குக் கிடைப்பது கடைசிப் பந்தி. இயற்பியலில் கணக்கு இருக்கிறது, ஆகவே பயம் இருக்கிறது. வேதியியலில் சமன்பாடு இருக்கிறது, ஆகவே டியூஷன் இருக்கிறது. உயிரியலோ “கதை மாதிரி ஒரு தடவை படிச்சாப் போதும்” என்று பெயரெடுத்துவிட்டது. அந்த ஒரு தடவை எப்போது என்பதில்தான் வீட்டில் ஒருமித்த கருத்து உருவாவதில்லை. பெரும்பாலும் அது தேர்வுக்கு முந்தைய இரவு எட்டரை மணிக்கு, தோசை சாப்பிட்டு முடித்த கையோடு, அலகு 12-ன் முதல் பக்கத்தில் தொடங்குகிறது.

எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. எழுத்துத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பன்னிரண்டு. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு. நான்கு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு. ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. இந்த ‘அல்லது’வை நம்பி ஆண்டுதோறும் பிள்ளைகள் சில அலகுகளை முழுதாகக் கைகழுவுகிறார்கள். இதற்குச் ‘சாய்ஸில் விடுவது’ என்று பெயர். அதிகம் கைவிடப்படுவது நரம்பு மண்டலம். அதை விடலாம் என்று முடிவெடுப்பதும் அதே நரம்பு மண்டலம்தான். மூளைக்குத் தன்னைப் பற்றிப் படிப்பதில் அவ்வளவு ஆர்வமில்லை என்று கொள்ளலாம்.

சென்னை ஆழ்வார்பேட்டையில் இந்த மீள்பார்வைக்கு இரண்டு பருவங்கள். இரண்டிலும் ஊர் ஒத்துழைப்பதில்லை. முதல் பருவம் டிசம்பர், அரையாண்டுத் தேர்வு. அதே டிசம்பரில்தான் டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் களைகட்டுகின்றன. உள்ளறையில் பிள்ளை சைலம், ஃப்ளோயம் என்று முணுமுணுக்க, கூடத்தில் பெரியவர்கள் இன்றைக்கு எந்த சபா கேன்டீனில் என்ன என்று விவாதிக்கிறார்கள். இரண்டுமே உணவுக் கடத்தல் பற்றிய பேச்சுதான். பின்னதில்தான் சுவாரசியம் அதிகம். இரண்டாவது பருவம் பங்குனி, பொதுத் தேர்வு. பங்குனி என்றால் மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் பெருவிழா. 2025-ல் அறுபத்து மூவர் ஏப்ரல் 10, அறிவியல் தேர்வு ஏப்ரல் 11. நாயன்மார்கள் மாட வீதிகளை வலம் வந்துகொண்டிருந்த அந்தி நேரத்தில், கூப்பிடு தூரத்தில் பல அடுக்குமாடிகளின் பால்கனிக் கதவுகள் இறுகச் சாத்தப்பட்டிருந்தன. மோர்ப் பந்தலுக்குப் போய்விட்டு ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொன்ன பிள்ளைகளை எந்த வீட்டிலும் நம்பவில்லை. நம்பாதது நியாயமே.

அடுக்குமாடி என்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கட்டடத்தில் முதல் மாடி மாநிலப் பாடத்திட்டம், இரண்டாம் மாடி சி.பி.எஸ்.இ., மூன்றாம் மாடி ஐ.சி.எஸ்.இ. உயிரினம் ஒன்றுதான், உயிரியல் மூன்று. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் படிக்கும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைச் சுருக்கியபோது ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்ற பாடத்திலிருந்து பரிணாமம் கழன்று விழுந்தது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினார்கள். மாநிலப் புத்தகத்தில் பரிணாமம் ஒரு தனி அலகாகவே இருக்கிறது. ஆக, முதல் மாடிப் பிள்ளைக்கும் குரங்குக்கும் பதினைந்து வயதிலேயே பொது மூதாதை உண்டு. இரண்டாம் மாடிப் பிள்ளைக்கு அந்த உறவு பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரியவரும், அதுவும் உயிரியல் பிரிவு எடுத்தால். மாடிப்படியில் இரண்டு பிள்ளைகளும் ஏறி இறங்கும் விதத்தைப் பார்க்கும் காவலாளிக்கு இந்த வேறுபாடு புலப்படுவதில்லை.

அலகு 12 தாவர உள்ளமைப்பியல். இதன் சாரம் சிறியது. இருவிதையிலைத் தாவரத்தின் தண்டில் வாஸ்குலார் கற்றைகள் வளையமாக அமைந்திருக்கும். ஒருவிதையிலைத் தண்டில் அவை சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றும் மண்டையோட்டு வடிவில் இருக்கும். படம் வரையும்போது பிள்ளைகள் மண்டையோட்டுக்குக் கண், மூக்கு, சில சமயம் சிரிப்பும் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது, குறைப்பதும் கிடையாது. இந்தப் பாடம் வாரம் ஒருமுறை சமையலறையில் செய்முறையாகவே நடக்கிறது. வாழைத்தண்டு நறுக்கும் பாட்டி ஒவ்வொரு வில்லைக்கும் நடுவில் விரலால் நாரைச் சுற்றி எடுக்கிறார் அல்லவா, அந்த நார்தான் கடத்தும் திசு. வாழை ஒருவிதையிலைத் தாவரம். கற்றைகள் குறுக்குவெட்டு முழுவதும் சிதறிக் கிடப்பதால்தான் கத்தி எங்கே இறங்கினாலும் நார் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க முளைக்கீரைத் தண்டை எடுக்க வேண்டாம். அது இருவிதையிலைதான் என்றாலும் நடுத்தண்டிலும் கற்றைகள் வைத்திருக்கும் விதிவிலக்கு. கல்லூரிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கூப்பிட்டு வாழைத்தண்டைக் காட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனால் “அவன் படிச்சிட்டிருக்கான், கூப்பிடாதீங்க அத்தை” என்று உத்தரவாகியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அதே வாழைத்தண்டைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான்.

இதே அலகில்தான் மைட்டோகாண்ட்ரியா வருகிறது. பள்ளியை விட்டு முப்பது வருடம் ஆனவர்களுக்கும் மறக்காமல் நிற்கும் ஒரே உயிரியல் வாக்கியம், மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்பது. வங்கியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் வேலை பார்க்கும் தந்தையர் மீள்பார்வைக்கு உதவ உட்காரும்போது இந்த வாக்கியத்தோடுதான் உட்காருகிறார்கள். அது முடிந்ததும் எழுந்துவிடுகிறார்கள். அந்த ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறை 1929-ல் கார்ல் லோமன் கண்டறிந்தார் என்பது ஒரு மதிப்பெண். தந்தையர் காலத்தில் அது கேட்கப்படவில்லை என்பது அவர்கள் தரப்பு.

அடுத்த அலகு அட்டையும் முயலும். ஆழ்வார்பேட்டையில் கொசு உண்டு, கரப்பான் உண்டு, காகம் உண்டு, எல்டாம்ஸ் சாலையில் நடுச்சாலையில் படுத்து வண்டிகளை விலகிப் போகச் செய்யும் நாய் உண்டு. அட்டை கிடையாது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவற்றில் மிக நுட்பமாகத் தெரிந்த ஒரே பிராணி இந்தியக் கால்நடை அட்டைதான். உடல் 33 கண்டங்கள், ஐந்து இணைக் கண்கள், முன்னும் பின்னும் ஒட்டுறிஞ்சி, மூன்று தாடைகள். கடித்த இடத்தில் மூன்று கிளையாகக் காயம் விழும்; உமிழ்நீரில் இருக்கும் ஹிருடின் இரத்தத்தை உறைய விடாது. இவ்வளவும் தெரிந்த பிள்ளை கொடைக்கானல் சுற்றுலாவில் காலில் நிஜ அட்டை ஏறியதும் கண்டங்களை எண்ணுவதில்லை.

முயலில் சிக்கல் பல் சூத்திரம். மேலே 2033, கீழே 1023. மேல் தாடையில் ஒரு பக்கத்துக்கு வெட்டுப்பல் இரண்டு, கோரைப்பல் இல்லை, முன்கடைவாய்ப்பல் மூன்று, பின்கடைவாய்ப்பல் மூன்று. கீழே ஒன்று, இல்லை, இரண்டு, மூன்று. இரண்டு பக்கமும் கூட்டினால் மொத்தம் 28 பல். கோரைப்பல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதற்கு டையாஸ்டீமா என்று பெயர். ஆழ்வார்பேட்டையின் அஞ்சல் எண் 600018 என்பதைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதால், பதற்றத்தில் முயலின் தாடையில் 6 வந்து உட்காருவது உண்டு. மனிதச் சூத்திரம் எளிது, மேலும் கீழும் 2123, மொத்தம் 32. அதைச் சரிபார்க்கத் தாத்தாவின் வாயைத் திறக்கச் சொன்னால் காலை மாலை என்று நேரத்துக்கேற்ப விடை மாறும். இரவில் சூத்திரம் முழுவதும் ஒரு கண்ணாடி டம்ளரில் இருக்கும்.

இதயம் வரும்போது தாத்தா மீண்டும் பயன்படுகிறார், இம்முறை நிஜமாகவே. இப்பகுதி வீடுகளில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பெரியவர் ஒருவர், பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட பெரியவர் ஒருவர் கட்டடத்துக்கு உண்டு. வலது ஏட்ரியத்தில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணுவைப் பாடநூல் இதயத்தின் பேஸ்மேக்கர் என்கிறது. அது சரியாக வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தாத்தா ஆஸ்பத்திரி, தேதி, பில் தொகை சகிதம் விளக்குவார். சராசரி இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 72, ஒரு சுழற்சிக்கு 0.8 விநாடி. கொரோனரி தமனி அடைப்புக்கு அவர் தரும் உவமையும் பாடநூலில் இல்லாதது: அறுபத்து மூவர் அன்றைக்கு லஸ் முனையைத் தடுத்துவிட்டால் ஆழ்வார்பேட்டைக்குள் எத்தனை சந்து இருந்தாலும் ஒரு வண்டியும் நகராது, அது மாதிரி. நான்கு மதிப்பெண் வினாவுக்கு இதை எழுதினால் திருத்துபவர் வெளியூர்க்காரராக இருக்கும் அபாயம் உண்டு.

இதயப் படத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. படத்தில் நம் வலக்கைப் பக்கம் இருப்பது இதயத்தின் இடப்பக்கம், ஏனென்றால் அது எதிரே நிற்கும் ஆளின் இதயம். இதை முதல் நாளே புரிந்துகொண்ட பிள்ளைகள் உண்டு. மற்றவர்கள் ஆண்டுதோறும் ஒரு முழுத் தலைமுறை நோயாளிகளுக்கு ஆக்சிஜன் இல்லாத இரத்தத்தை உடலெங்கும் அனுப்பிவைக்கிறார்கள். இரத்த வகைகளை 1900-ஐ ஒட்டிக் கண்டறிந்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். 1930-ல் நோபல் பரிசு. ஓ வகை யாருக்கும் கொடுக்கும், ஏபி வகை யாரிடமும் வாங்கும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகள் இதை ஒரு முறை கேட்டாலே போதும், இரண்டு மாமாக்களின் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

மூளை நரம்பு 12 இணை, தண்டுவட நரம்பு 31 இணை, சமநிலைக்குச் சிறுமூளை, மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் முகுளம். இவ்வளவு தெரிந்தால் நரம்பு மண்டலத்தில் தப்பித்துவிடலாம். நாளமில்லாச் சுரப்பிகளுக்கு வந்தால் வீடு மறுபடியும் பாடநூலை முந்துகிறது. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போட்டுக்கொண்டு காபிக்காகக் கடிகாரத்தைப் பார்க்கும் சித்தி, சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்ளும் பெரியம்மா என்று ஆளுக்கொரு சுரப்பியைப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன, 1921-ல் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள் என்பது புத்தகத்தில் உள்ளது. நவராத்திரிச் சுண்டலுக்குப் பின் எத்தனை யூனிட் கூட்ட வேண்டும் என்பது பெரியம்மாவிடம் உள்ளது. அட்ரினலினுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. தேர்வுக் கூடத்தில் வினாத்தாள் கைக்கு வரும் கணத்தில் உள்ளங்கை வியர்த்து, இதயம் படபடத்து, கண்மணி விரிந்து, அது தானே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது.

இனப்பெருக்கம் என்ற அலகு தனி வகை. பள்ளியில் “இதை வீட்ல படிச்சுக்கோங்க” என்று பக்கம் புரள்கிறது. வீட்டில் “அதெல்லாம் ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருப்பாங்க” என்று மறுபடியும் புரள்கிறது. ஆக இந்த அலகு முழுக்கத் தன் மகரந்தச் சேர்க்கை முறையில்தான் பரவுகிறது. இதன் தாவரப் பகுதிக்கு மட்டும் எல்லாரும் உரக்க உதவுகிறார்கள். செம்பருத்தி தாராளமாகக் கிடைக்கிறது, பூஜைக்கு வந்ததில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சூலகம், சூல்தண்டு, சூல்முடி என்று பிரித்துக் காட்டுவதில் யாருக்கும் கூச்சமில்லை. இரட்டைக் கருவுறுதலை 1898-ல் நவாஷின் கண்டறிந்தார் என்பது வரை போகிறார்கள். அடுத்த பக்கத்தில் மனிதர் வந்ததும் அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்துவிடுகிறது. மாதவிடாய்ச் சுழற்சி 28 நாள், அதன் நடுவில் அண்டம் வெளிப்படும் என்பவை முழு மதிப்பெண் தரும் செய்திகள், வீட்டுக்கும் மதிப்புள்ளவை. பேசாமல் விடுவது தேர்வு நோக்கிலும் நஷ்டம்.

மரபியலில் அந்தத் தயக்கம் யாருக்கும் இல்லை. ஆழ்வார்பேட்டையில் குழந்தை பிறந்து தொட்டிலிட்ட நாளிலேயே மரபியல் தொடங்கிவிடுகிறது: மூக்கு எங்க அப்பா, நெத்தி உங்க அத்தை, பிடிவாதம் மட்டும் யாருதுன்னு தெரியலை. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்பதை மெண்டல் 1856 முதல் 1863 வரை ப்ரூன் நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வைத்துக் கண்டுபிடித்தார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850, மூன்றுக்கு ஒன்று. இதே வேலையை மார்கழி, தை மாதங்களில் பச்சைப் பட்டாணி மலிவாக வரும்போது இப்பகுதிப் பாட்டிகள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். சுருங்கியதை ஒதுக்கிவிடுகிறார்கள், விகிதம் மட்டும் குறித்து வைப்பதில்லை. மெண்டல் 1850-ல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றவர். தேர்வில் தோற்றவரைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதித்தான் தேர்வில் தேறுகிறோம் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்வதில்லை, தவறான எடுத்துக்காட்டாகிவிடும். இந்த அலகிலேயே விலைமதிப்பான ஒரு இரண்டு மதிப்பெண் வினா இருக்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்துசெல் கொண்டுவரும் குரோமோசோம். தாயிடம் இரண்டும் ஒரே வகை. கொடுப்பதற்கு அவளிடம் வேறு இல்லை. மூன்றாவதும் பெண்ணா என்று மருமகளைப் பேச்சால் கொன்ற தலைமுறைக்கு இந்தக் கேள்வி கட்டாய வினாவாக வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பரிணாமத்தை வேகமாகக் கடந்துவிடலாம்: லாமார்க்கின் ஒட்டகச்சிவிங்கி, டார்வினின் இயற்கைத் தேர்வு, பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் நடுவே நிற்கும் ஆர்க்கியாப்டெரிக்ஸ், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையின் கல்மரங்கள். உயிர்த்தொழில்நுட்பத்தில் 1996-ல் பிறந்த டாலி ஆடு. பசுமைப் புரட்சியில் எம்.எஸ். சுவாமிநாதன், கும்பகோணத்தில் பிறந்து, தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் கண்டு, 2023 செப்டம்பரில் சென்னையில் மறைந்தவர். சுற்றுச்சூழல் அலகின் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழி தம் வளாகத்தில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டால் ஸ்கூட்டருக்குக் கீழே என்பார்கள், அது சரியான விடை.

உடல்நலம் பற்றிய 21-ஆம் அலகில் உடல் நிறைக் குறியீடு வருகிறது. கிலோகிராமில் எடை, வகுத்தல் மீட்டரில் உயரத்தின் இருமடி. சூத்திரத்தை மனதில் நிறுத்த நல்ல வழி வீட்டில் எல்லாருக்கும் கணக்கிட்டுப் பார்ப்பது. கெட்ட வழியும் அதுவே. விடைகளை உரக்கப் படித்த பிள்ளைக்கு அன்று மாலை டிபன் தாமதமாக வந்தது என்பது பல வீடுகளில் பதிவான செய்தி. நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களை ஒரு சுற்று பின்தொடர்ந்தால் இந்த அலகு முழுவதும் காதில் விழும்: 120/80 எனக்கு எட்டாக் கனி, சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு, பின் அவ்வளவு, கொழுப்பில் நல்லது எது கெட்டது எது. நடை முடிந்து வெளியே வந்ததும் பாதிப்பேர் எங்கே போகிறார்கள் என்பது பாடத்திட்டத்துக்கு வெளியே.

மீள்பார்வைக்கான கருவிகளில் முதன்மையானது ஹைலைட்டர். முக்கியமான வரிக்கு மஞ்சள், மிக முக்கியமானதற்குப் பச்சை, அதற்கும் மேல் என்றால் இளஞ்சிவப்பு. பக்கம் முழுவதும் நிறமேறியதும் படித்து முடித்த நிறைவு வந்துவிடுகிறது. புத்தகத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதே அதன் பொருள். இதற்கடுத்தது மறுபடி மறுபடி வாசிப்பது. மூன்றாம் வாசிப்பில் எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். பழகிய முகத்துக்குப் பெயர் தெரியாமல் கல்யாண வீடுகளில் விழிப்பவர்களுக்கு இந்த நிலை புரியும். 1885-ல் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து புத்தகம் போட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. பொருளில்லாத அசைகளுக்கு அவர் மெனக்கெட்டிருக்க வேண்டாம், டையாஸ்டீமா போதுமானது.

2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னணி. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் முன்னணி. ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. அதன் முடிவை ஆழ்வார்பேட்டையில் நீண்ட காலமாகச் செயல்படுத்தி வருபவர் பாட்டி. மதியத் தூக்கம் முடிந்து, காபி குடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “புக்கைக் கொடு, கேக்கறேன்” என்று அமர்கிறார். பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், அதில் வாங்கிய மதிப்பெண் தற்போதைய நூற்றுக்கு நூறைவிட உயர்ந்தது என்பது அவர் கொள்கை. உயிரியல் அவருக்குத் தெரியாது. அதுதான் அவருடைய பலம். விடை தெரிந்த டியூஷன் டீச்சர் பாதிச் சொல்லிலேயே “ம், கரெக்ட்” என்று அடுத்ததற்குப் போய்விடுவார். பாட்டி புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக ஒத்துப்பார்ப்பார்.

“நெஃப்ரான்னா என்னடா?”

“சிறுநீரகத்தோட செயல் அலகு.”

“‘அமைப்பு மற்றும் செயல் அலகு’ன்னு போட்டிருக்கு. அமைப்பை யாரு சொல்றது?”

“ரெண்டும் ஒண்ணுதான் பாட்டி.”

“ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு தடவை அச்சடிச்சிருக்கான்? சரி, அமைப்புன்னா என்ன, செயல்னா என்ன, எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மீள்பார்வை நடக்கிறது. தெரியாதவருக்குப் புரிய வைக்க முயலும்போதுதான் பிள்ளைக்குத் தனக்கு எது தெரியாது என்று தெரிகிறது. வடிகட்டுதல், மீண்டும் உறிஞ்சுதல், சுரத்தல் என்று மூன்றையும் டிகாக்‌ஷன் சாட்சியாக விளக்கி முடிப்பதற்குள் பாட்டி இரண்டு முறை குறுக்கே கேட்பார். ஒரு முறை தூங்கியும் போவார். தூக்கத்திலும் விரல் வரியை விட்டு நகராது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இதே முறையை வேறொருவர் கடைப்பிடிக்கிறார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் காவலாளியின் மகள், மோட்டார் அறை வாசலில் ஆறாம் வகுப்புத் தம்பியை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார். தம்பி எல்லாவற்றுக்கும் “ஏன்?” என்பான், பெரும்பாலும் தப்பித்து ஓடும் நோக்கத்தோடு. அந்த ஏனுக்குப் பதில் சொல்லியே அந்தப் பெண்ணுக்கு சவ்வூடு பரவல் மனதில் ஊறிவிட்டது. மாடிப் பிள்ளைகள் படங்களைச் சரிபார்க்க அவரிடம்தான் இறங்கி வருகிறார்கள். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை என்பதால் பெற்றோர் இதை டியூஷனாகக் கருதுவதில்லை.

தேர்வு நாளில் காலை பத்து மணிக்கு வினாத்தாள். படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விவரம் பூர்த்தி செய்ய ஐந்து நிமிடம், பிறகு மூன்று மணி நேரம். புறப்படும்போது ஆழ்வார்பேட்டை ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு. சன்னதி வாசலில் புத்தகத்தை விரித்துக் கடைசி ஒரு மதிப்பெண் பார்ப்பவர்களும் உண்டு. அப்போது பார்த்தது எதுவும் வருவதில்லை. ஆனால் பார்க்காமல் விட்டிருந்தால் அதுதான் வந்திருக்கும் என்ற நம்பிக்கை அசைக்க முடியாதது. கூடத்துக்குள் 2-பி பென்சிலா ஹெச்.பி. பென்சிலா என்ற கவலை, ரப்பர் கேட்டால் கண்காணிப்பாளர் முறைப்பாரோ என்ற கவலை, அட்டையை வரையும்போது அது வெள்ளரிக்காய் ஆகிக்கொண்டிருக்கிறதே என்ற கவலை.

ஒன்றே கால் மணிக்கு வெளியே வந்ததும் வாசலில் ஒரு மதிப்பெண் விடைகள் ஒப்பிடப்படுகின்றன. இந்தக் கூட்டத்தில் நிற்காமல் நேராக வீட்டுக்குப் போகச் சொல்லி எல்லா ஆசிரியர்களும் அறிவுறுத்தியிருப்பார்கள், ஒருவரும் கேட்பதில்லை. வீட்டில் பாட்டி நெஃப்ரான் வந்ததா என்று விசாரிக்கிறார். வரவில்லை என்று கேட்டதும் வினாத்தாள் தயாரித்தவர் மேல் அவருக்கு ஏற்படும் வருத்தம் பிள்ளைக்குக்கூட இல்லை. மே மாதம் மதிப்பெண் வருகிறது. பதினோராம் வகுப்பில் உயிரியல் உள்ள பிரிவு, இல்லாத பிரிவு என்று கேட்கும்போது, இப்பகுதியின் பல பிள்ளைகள் கணினி அறிவியல் பிரிவுக்குப் போகிறார்கள்; 33 கண்டங்களும் அத்தோடு விடைபெறுகின்றன.

பாடநூல் பழைய பேப்பர்க் கடைக்குப் போனாலும் கைடு போவதில்லை. அது ஜூனில் மாடிவிட்டு மாடி இறங்குகிறது. முதல் சொந்தக்காரர் பென்சிலில் ‘முக்கியம்’ என்று குறித்திருப்பார், இரண்டாமவர் விட்டுப்போன வரிகளை மஞ்சளாக்கியிருப்பார், மூன்றாமவர் அவர்கள் இருவரும் கவனிக்காததைப் பச்சையாக்கியிருப்பார். நான்காவதாக வாங்கும் பிள்ளைக்கு நிறமில்லாத வரியே கண்ணில் படாது. அவர் லஸ் முனை வரை போய் ஒரு ஆரஞ்சு ஹைலைட்டர் வாங்கிக்கொண்டு வருகிறார்.